கப்பலேறும் எலி

கப்பல் என்பது நகரும் வீடு. அதில் சமையலறை உண்டு, அரிசி மூட்டை உண்டு, படுக்கை உண்டு, மனிதர் கைபடாத இருட்டு மூலைகளும் ஏராளம். எலிக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் தரையில் நிற்கும் வீட்டுக்கு நாலாபுறமும் மண். எந்தப் பக்கத்திலிருந்தும் எலி வளை தோண்டி வரலாம். கப்பலைச் சுற்றித் தண்ணீர்தான். கரையிலிருந்து அதற்குள் போகும் வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: கட்டுவடம், ஏணிப்படி, சரக்கு. இந்த மூன்றையும் காத்துவிட்டால் எலியைக் கொல்லும் வேலையே பெரும்பாலும் மிச்சம். இவ்வளவு எளிய விஷயத்தை உலகத் துறைமுகங்கள் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகளும் பல உயிர்களும் பிடித்தன. அந்த வரலாற்றில் தூத்துக்குடிக்கும் ஒரு பங்கு உண்டு.

பழைய தூத்துக்குடியில் பெரிய கப்பல் எதுவும் கரையைத் தொட்டதில்லை. கடல் ஆழமில்லாததால் நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் போட்டன. பருத்திப் பொதியும் உப்பும் படகில் ஏறிப்போய்க் கப்பலுக்கு மாறின. கொழும்புக்குப் போகும் பயணிகளும் அப்படியேதான் போனார்கள். துறைமுகத்துக்கு இது பெரிய குறை, எலித்தடுப்புக்கோ பெரிய வசதி. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே கயிறு இல்லை, பலகை இல்லை. எலிக்கு நீந்தத் தெரியும் என்றாலும், அலையடிக்கும் கடலில் மைல்கணக்கில் நீந்தி, வழுக்கும் இரும்புச் சுவரில் ஏறிவிடாது. அது கப்பலேற வேண்டுமானால் சரக்கோடு சரக்காகப் படகில் வந்தாக வேண்டும். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகத்தில் கப்பல்கள் தளத்தை ஒட்டியே நிற்கின்றன. தளத்து இரும்புத் தூணிலிருந்து கப்பலின் முன்னும் பின்னும் தடித்த வடங்கள் போகின்றன. கடல் கொடுத்துவந்த இலவசக் காவல் அன்றோடு போயிற்று. இப்போது அதே காவலைத் தகரமும் விளக்கும் ஒழுங்கும்தான் கொடுக்க வேண்டும்.

எலி என்று பொதுவாகச் சொன்னாலும் துறைமுகத்தில் நடமாடுபவை பல வகை. ஏறுவதில் கெட்டிக்காரன் கறுப்பெலி. உடலைவிட நீண்ட வால், பெரிய காது, மெலிந்த உடல். கூரை, மரம், வடம் எல்லாம் அதற்கு நடைபாதை. நம்மூர் வீட்டு எலியும் இதுதான். நிறம் பழுப்பாகவும் இருக்கும் என்பதால் பெயரை நம்பி ஏமாறக்கூடாது. உலகம் முழுக்க இதைக் கப்பல் எலி என்றே அழைக்கிறார்கள். இந்த இனத்தின் பூர்வீகம் இந்தியத் தீபகற்பம் என்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. எகிப்தின் செங்கடல் கரையில் ரோமர் காலத்துத் துறைமுகமான பெரனிக்கேயில் மிளகோடு இதன் எலும்புகளும் தோண்டியெடுக்கப்பட்டன. கொற்கை முத்தும் சேரநாட்டு மிளகும் மேற்கே போன காலத்தில் இந்த எலியும் சீட்டு வாங்காமல் போயிருக்கிறது.

சாக்கடை எலி என்கிற பழுப்பெலி இதைவிடக் கனமானது. தண்ணீரிலும் வடிகாலிலும் பழகியது. தேவைப்பட்டால் வடத்திலும் ஏறும். பெருச்சாளிக்கு ஏற வராது. கிடங்குத் தரையைத் தோண்டி அஸ்திவாரத்தைக் குடைவது அதன் வேலை. மூட்டைக்குள்ளேயே குடும்பம் நடத்தும் சுண்டெலி சரக்கோடு வருவதில் முதலிடம் பிடிக்கும். மூஞ்சூறை எலிக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். அது பூச்சி தின்னும் வேறு இனம், கரப்பான்களைத் தின்று நமக்கு உதவுகிறது. கிடங்குகளில் அதையும் சேர்த்து அடித்துக் கொல்கிறார்கள்.

எந்த எலி என்று தெரிந்தால்தான் எந்த வழியை அடைப்பது என்று தெரியும். எலியின் தலை நுழையும் துவாரத்தில் உடலும் நுழைந்துவிடும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். வளரும் எலிக்கு ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது கடிப்பதை நிறுத்த முடியாது. மரம், பிளாஸ்டிக், ஈயக் குழாய், மின்கம்பியின் உறை எதுவும் தப்பாது. கர்ப்பம் மூன்று வாரம்தான்; குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தாமே குட்டி போடத் தயாராகிவிடும். ஒரு சினை எலி வடத்தில் ஏறினால், கப்பல் அடுத்த பருவம் முடிந்து திரும்பும்போது ஒரு கூட்டமே இறங்கும்.

துறைமுகங்கள் எலிக்கு அஞ்சத் தொடங்கியது அது தின்னும் அரிசிக்காக அல்ல. பிளேக் நோயின் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சின் கண்டறிந்தார். 1896-இல் நோய் பம்பாயில் இறங்கியது. எலியிடமிருந்து மனிதனுக்கு நோயைக் கொண்டுவருவது எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிதான் என்பதை 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் சோதித்துக் காட்டினார். அவர் சொன்னதை உடனே யாரும் ஏற்கவில்லை. மனிதனும் அவன் துணிமணியும்தான் நோயைச் சுமக்கின்றன என்ற நம்பிக்கை அரசாங்கங்களை விட்டுப் போகவில்லை.

அந்த நம்பிக்கையின் சுமையைத் தாங்கியவர்கள் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தூத்துக்குடி வழியாகப் போனவர்களைத் தட்டப்பாறையிலும், பின்னர் 1914-இல் தனுஷ்கோடி ரயில்வழி திறந்த பிறகு மண்டபத்திலும் முகாம்களில் நாட்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். குளிப்பாட்டினார்கள், துணியை வேகவைத்தார்கள், காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள். அத்தனை காவலையும் மீறி 1914 ஜனவரியில் கொழும்பில் பிளேக் தோன்றியது. முதலில் பற்றியது தொழிலாளர் முகாம்களை அல்ல, தானியக் கிடங்குகள் நெருங்கிய பேட்டைப் பகுதியை. மனிதனைச் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அரிசி மூட்டையை யாரும் சோதிக்கவில்லை.

கொழும்பு மாநகராட்சியின் நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹர்ஸ்ட் இதற்குப் பின்னால் இருந்த காரணத்தைத் துருவினார். எலித் தெள்ளு எல்லாம் ஒரே வகை அல்ல. வட இந்தியாவில் பிளேக்கைப் பரப்பியது கியோப்பிஸ் என்ற வகை. சென்னையிலும் கொழும்பிலும் எலிகளின் மேல் பெரும்பாலும் இருந்தது அஸ்டியா என்ற வேறொரு வகை. அது நோயைப் பரப்புவதில் மந்தம். பம்பாய் பிளேக்கில் தத்தளித்தபோது சென்னை பெரும்பாலும் தப்பியதற்கு இது ஒரு காரணம் என்றார் ஹர்ஸ்ட். கொழும்பிலோ, தானியத்தோடு வந்திறங்கிய கியோப்பிஸ் கிடங்குப் பகுதியில் குடியேறியிருந்தது. பிளேக்கும் அந்தப் பகுதியையே சுற்றிச் சுற்றி வந்தது. எலி ஏறாத கப்பலிலும் எலியின் தெள்ளு மூட்டைச் சாக்கில் ஒளிந்து பயணம் செய்யும் என்ற பாடம் இதில் இருந்தது. இன்றைக்கும் கிடங்குச் சுகாதாரம் பேசுபவர்கள் மறந்துவிடும் பாடம் இது.

எலியை ஒழிப்பது கப்பலின் கடமை என்று உலக நாடுகள் சேர்ந்து எழுதியது 1926-இல் பாரிஸில் கையெழுத்தான சுகாதார ஒப்பந்தத்தில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கப்பலைச் சோதிக்க வேண்டும்; எலி இருந்தால் ஒழித்ததற்கும், இல்லையென்றால் ஒழிக்கத் தேவையில்லை என்பதற்கும் சான்றிதழ் வாங்க வேண்டும். மாலுமிகள் இதை எலிச் சான்றிதழ் என்றே சொல்லிவந்தார்கள். 2007 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேசச் சுகாதார விதிகள் அதன் பெயரையும் எல்லையையும் மாற்றிவிட்டன. இப்போது அது கப்பல் சுகாதாரச் சான்றிதழ். எலியோடு சமையலறை, குடிநீர், கழிவுநீர், குப்பை, தேங்கிய நீர், கொசு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஆயுள் அதே ஆறு மாதம். சோதனைக்கு வசதியில்லாத துறைமுகத்தில் கப்பல் நின்றால் ஒரு மாதம் நீட்டித் தருவார்கள். இந்தியாவில் 1955-ஆம் ஆண்டின் துறைமுகச் சுகாதார விதிகளின்படி மத்தியச் சுகாதாரத் துறையின் அதிகாரிகள் இந்த வேலையைச் செய்கிறார்கள். தூத்துக்குடியிலும் அவர்களுடைய அலுவலகம் உண்டு. வெறும் காகிதச் சடங்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் செய்தி வந்ததும் பல நாடுகள் இந்தியாவிலிருந்து புறப்பட்ட விமானங்களையும் சரக்கையும் தடுத்தன. அப்படிப்பட்ட நாளில் கப்பலைக் காப்பாற்றுவது இந்தக் காகிதம்தான்.

ஒப்பந்தம் வந்த காலத்தில் எலி ஒழிப்பு என்றால் புகைபோடுவதுதான். கந்தகத்தை எரித்து அந்தப் புகையைச் சரக்கறைக்குள் செலுத்தினார்கள். அது எலியைக் கொன்றது. கூடவே துணியின் நிறத்தையும் உலோகத்தின் பளபளப்பையும் கெடுத்தது. அடுத்து வந்த ஹைட்ரஜன் சயனைடு வாயு சரக்கைக் கெடுக்கவில்லை. ஆனால் வாயு முழுவதும் வெளியேறும் முன்பே உள்ளே இறங்கியவர்கள் செத்தார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று நம் பாட்டிகள் சொல்வது இதைத்தான். அதைவிட மோசமான குறை, புகை அன்றைய எலியை மட்டும் கொல்கிறது. அடுத்த துறைமுகத்தில் வடம் கட்டியதும் புதிய எலி ஏறும். காலியான வளை அதற்குத் தயாராக இருக்கும்.

1920களிலும் 30களிலும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை வேறு வழியில் யோசித்தது. எலி செத்துக் கிடந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, கப்பலில் அது எங்கெங்கே குடியிருக்கிறது என்று பார்த்தார்கள். இரட்டைச் சுவருக்கு நடுவே, குழாய்களைச் சுற்றிய மர உறைக்குள், மேல்தட்டுக் கூரையின் பொய்த்தளத்தில், மின்கம்பி போகும் துவாரங்களில் அது இருந்தது. அந்த இடங்களை மூடிக் கட்டினால், அல்லது கட்டும்போதே வெற்றிடம் இல்லாமல் கட்டினால், எலிக்குக் கப்பல் பிடிக்காமல் போகிறது. தின்னக் கிடைத்தாலும் ஒளிய இடமில்லாத இடத்தில் எலி தங்குவதில்லை. இன்றைய இரும்புக் கப்பல்களில் எலித் தொல்லை பெருமளவு குறைந்ததற்கு விஷத்தைவிட இந்தக் கட்டுமான மாற்றமே காரணம்.

முத்துக்குளிக்கப் போன வள்ளங்களும் இதற்குச் சான்று. மேல்தளமே இல்லாத திறந்த வள்ளம் அது. வெயில் அடிமட்டம்வரை விழும். அதில் எலி வந்தால் எல்லோர் கண்ணிலும் படும். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அந்தப் பருவங்களில் தொல்லை கொடுத்தது எலியல்ல, கரையில் அழுகக் கிடந்த சிப்பிக் குவியலில் மொய்த்த ஈ.

வழிகளை அடைப்பதில் முதல் வேலை வடத்தில்தான். கப்பலைத் தளத்தில் கட்டியதும் ஒவ்வொரு வடத்திலும் வட்டத் தகடோ கூம்போ மாட்டுவார்கள். ராட் கார்டு என்றுதான் துறைமுகத்தில் எல்லோருக்கும் அது பழக்கம். வடத்தில் ஏறி வரும் எலி தகட்டின் முன் வந்ததும் நிற்க வேண்டும். விளிம்பை எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்குத் தகடு அகலமாக இருக்க வேண்டும். சுமார் மூன்றடி விட்டம் நல்லது. கூம்பாக இருந்தால் விரிந்த வாய் கரையைப் பார்த்திருக்கும். மாட்டும் இடமும் முக்கியம். கப்பலின் சுவரை ஒட்டி மாட்டினால் எலி தகட்டைத் தாண்டிக் குதித்துக் கப்பலைப் பிடித்துவிடும். தளத்தை ஒட்டி மாட்டினால் தளத்திலிருந்தே தகட்டுக்கு மேலே தாவும்.

தகடு மாட்டிய கப்பலிலும் எலி ஏறுகிறது என்றால் குறை மாட்டிய விதத்தில் இருக்கும். நான்கு வடத்தில் மூன்றுக்குத் தகடு போட்டால் நான்காவதுதான் எலியின் பாதை. இரண்டு வடங்கள் உரசிக்கொண்டு போனால் இரண்டையும் ஒரே தகட்டுக்குள் அடக்க வேண்டும். இல்லையேல் எலி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். வடத்துக்கும் தகட்டின் நடுத் துளைக்கும் இடையில் விரலளவு சந்து இருந்தால் சாக்குத் துணியால் அடைக்க வேண்டும். காற்றடித்துத் தகடு சாய்ந்து தொங்கினால் அது தடுப்பல்ல, படி. தூத்துக்குடியில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் குறைவு என்பதால் தகட்டின் நிலை கடலால் அதிகம் மாறுவதில்லை. ஆனால் நிலக்கரி இறக்கும் கப்பல் சுமை குறையக் குறையப் பல மீட்டர் மேலே எழும்பும். வடத்தைத் தளர்த்தி, இழுத்து, மறுபடி கட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் தகட்டைச் சரிபார்ப்பது மாலுமியின் வேலை; இரவு இரண்டு மணிக்கு அதை நினைவில் வைப்பது சுலபமல்ல.

ஏணிப்படியில் தகடு மாட்ட முடியாது. அங்கே காவல் வெளிச்சமும் ஆளும்தான். வேலை முடிந்தால் ஏணியைத் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும். தூக்க முடியாவிட்டால் பளிச்சென்று விளக்குப் போட வேண்டும். எலி வெளிச்சத்தில் திறந்த இடத்தைக் கடக்கத் தயங்கும். சரக்கு வலை, இறக்கும் பலகை, பக்கத்துப் படகின் கயிறு எதையும் வேலை இல்லாத நேரத்தில் தளத்துக்கும் கப்பலுக்கும் நடுவே தொங்கவிடக்கூடாது. தளத்தில் சிந்திய தானியத்தைப் பெருக்காமல், வடம் கட்டும் தூணருகே குப்பை குவித்துவைத்துவிட்டு, மேலே தகட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

தோணியின் கதை வேறு. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து காய்கறி, மளிகை, செங்கல், சிமெண்ட், ஜல்லி ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போய்வரும் மரக்கலம் அது. முன்பு பாயை மட்டுமே நம்பியது, இப்போது இயந்திரமும் பூட்டியது. எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டாலும், தோணித் தலைவரான தண்டலும் அவர் ஆட்களும் போகும் நாள், இறக்கும் நாள், திரும்பும் நாள் எல்லாம் அதிலேயே சமைத்து அதிலேயே உறங்குகிறார்கள். நகரும் வீடு என்ற சொல் பெரிய கப்பலைவிட இதற்கே பொருந்தும். எலிக்கும் இதுதான் வசதி. பலகைக்கும் உள்பலகைக்கும் நடுவே இடமுண்டு. வெங்காய மூட்டைக்கு அடியில் போடும் கட்டைகளுக்கு நடுவே இடமுண்டு. மரத்தைக் கடித்து வாசலை அதுவே அமைத்துக்கொள்ளும். இரும்புக் கப்பலுக்கு எழுதிய விதியை இதற்கு அப்படியே பொருத்த முடியாது.

தோணிக்குச் செய்யக்கூடியவை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் தோணிகள் ஓடுவதில்லை. அப்போது பலகைச் சந்துகளைப் பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பற்று அடிப்பார்கள். அழுகிய பலகையை மாற்றுவார்கள். வெளிப்பக்கம் தண்ணீர் புகாமல் செய்யும் இந்த வேலையோடு, உள்பக்கம் எலி கடித்த துவாரங்களையும் பார்த்துத் துத்தநாகத் தகடு அடித்துவிடலாம். மரத்தில் போட்ட சிமெண்டுப் பூச்சு ஓட்டத்தில் உதிர்ந்துவிடும். தகடும் கால் அங்குலக் கம்பிவலையும் நிற்கும். உள்பலகை சிலவற்றைக் கழற்றும்படி அமைத்தால், சரக்கு இறக்கியதும் திறந்து கழுவ முடியும். சமையலுக்கான அரிசி, பருப்பு, கருவாடு இவற்றைச் சாக்கில் வைக்காமல் மூடிய தகர டின்னில் வைப்பது எல்லாவற்றிலும் மலிவான வழி. சரக்கை ஏற்றும் முன் மூட்டையைத் தரையில் தட்டிப் பார்ப்பது இன்னும் மலிவு.

கரையில் தூங்கும் படகு எலிக்கு இன்னும் எளிது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் நெருங்கி நிற்கும். ஒன்றின் விளிம்பு மற்றதைத் தொடும். ஒரு படகில் ஏறிய எலி இறங்காமலே வரிசை முழுவதையும் சுற்றிவரலாம். மீன் வாடை ஊறிய நைலான் வலையைக் கடிக்கும். வலைக்குவியலுக்குள் குட்டி போடும். இயந்திர அறையின் கம்பியைக் கடித்து வைக்கும். தருவைக்குளத்துப் படகுகளைப் போல நாட்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிப்பவர்களுக்கு, நடுக்கடலில் விளக்கும் பம்பும் நின்றுபோவது விளையாட்டல்ல. தடைக்காலம் தொடங்கும்போதே வலையை அலசிக் காயவைத்து, தரையில் குவிக்காமல் உயரத்தில் தொங்கவிடுவதும், படகில் உணவுத் துணுக்கு எதையும் விட்டுவைக்காததும், வாரம் ஒருமுறை வலையைப் புரட்டிப்போடுவதும் போதும். எலி அமைதியான இடத்தைத் தேடுகிறது. புரட்டப்படும் குவியலில் அது குட்டி போடாது.

எலி மட்டும்தான் கப்பலேறும் என்றில்லை. எலி இருக்கும் இடத்துக்குச் சாரையும் பிற பாம்புகளும் தேடி வரும். மரத்தடிக் குவியலிலும் வெகுநாள் திறக்காத கண்டெய்னர் அடியிலும் கைவிடும் முன் கம்பால் தட்டிப் பார்ப்பது பழைய தொழிலாளர்களின் வழக்கம். காக்கை எவரும் எதிர்பாராத பயணி. நம் ஊர்க் காக்கை கப்பல்களின் எச்சில் சோற்றை நம்பியே பல நாட்டுத் துறைமுகங்களுக்குப் போய்க் குடியேறியது. 1994-இல் நெதர்லாந்தின் ஹூக் ஃபான் ஹாலந்தில் இரண்டு காக்கைகள் வந்திறங்கின. அவற்றின் வம்சம் பெருகி, பின்னாளில் அரசே ஆணையிட்டு ஒழிக்க வேண்டியதாயிற்று. தடுத்திருக்கக்கூடியது குப்பைத் தொட்டிக்கு ஒரு மூடி.

கப்பல் போய்ச் சேரும் இடம் தீவாக இருந்தால் எலியின் விலை பல மடங்கு கூடும். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள லார்டு ஹோவ் தீவில் 1918-இல் மக்காம்போ என்ற கப்பல் தரைதட்டியது. அதிலிருந்து இறங்கிய கறுப்பெலிகள் அந்தத் தீவுக்கே உரிய ஐந்து பறவை இனங்களைச் சில ஆண்டுகளில் இல்லாமல் செய்தன. ஒரு நூற்றாண்டு கழித்து 2019-இல்தான் அங்கே பெரும் ஒழிப்புத் திட்டம் நடந்தது. தூத்துக்குடித் தோணிகள் போகும் திசையிலேயே இதன் இன்னொரு வடிவம் இருக்கிறது. லட்சத்தீவில் கறுப்பெலி தென்னையின் தலையில் குடியிருந்து இளங்காயைத் துளைக்கிறது. காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் அதற்குச் சொல்லும் வழி, தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகட்டை மரத்தைச் சுற்றி அடிப்பது. வடத்துக்குப் போட்ட அதே தத்துவம்தான். மட்டைகள் அடுத்த மரத்தைத் தொட்டால் மட்டும் தகடு பயன்படாது. எலி தரைக்கே வராமல் மரம் மாறிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு உள்ளே வந்துவிட்ட எலிக்குத்தான் பொறியும் மருந்தும். எலி தன் பாதையில் தோன்றும் புதுப் பொருளைக் கண்டு சில நாள் ஒதுங்கும் என்பதால், பொறியை முதலில் விசை ஏற்றாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். சுவரோரத்தில், எண்ணெய்க் கறை படிந்த அதன் தடத்தில், வாய் சுவரைப் பார்க்க வைப்பது முறை. தடம் தெரியாவிட்டால் இரவில் கொஞ்சம் மாவு தூவினால் காலையில் தெரியும். கப்பலிலும் தோணியிலும் பொறியே மருந்தைவிட நல்லது. மருந்து தின்ற எலி எட்ட முடியாத பலகைச் சந்தில் போய்ச் சாகும். அந்த நாற்றத்தோடு மாலத்தீவு வரை பயணம் செய்ய வேண்டும். மருந்து தவிர்க்க முடியாதென்றால் புரோமாடியோலோன் கட்டிகளைப் பூட்டிய பெட்டியில் வைக்கலாம். ரத்தம் உறையாமல் செய்து சில நாளில் கொல்லும். மஞ்சள் பாஸ்பரஸ் பசையைத் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்கள். மனித உயிர்களை அது வாங்கியதே காரணம்.

செத்த எலியை வெறுங்கையால் தொடக்கூடாது. எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரிலிருந்து கையின் கீறல் வழியே வரும். உடல் குளிர்ந்ததும் அதன் மேலிருந்த தெள்ளுகள் அடுத்த சூடான உடலைத் தேடிப் புறப்படும். அதனால்தான் பிளேக் பயம் உள்ள இடத்தில் முதலில் பூச்சிமருந்து அடித்துத் தெள்ளைக் கொன்ற பிறகே எலியைக் கொல்வார்கள். பொறியும் மருந்தும் வைக்காமலே கப்பலில் எலிகள் வரிசையாகச் செத்துக் கிடந்தால் அது நல்ல செய்தியல்ல. கப்பல் தலைவர் தர வேண்டிய பழைய சுகாதார உறுதிமொழிப் படிவத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருந்தது. அப்படி நடந்தால் சரக்கறையை மூடிவிட்டு, யாரையும் உள்ளே விடாமல், துறைமுகச் சுகாதார அதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதிகாரி வரும்வரை கரையிறங்கும் ஏணியும் மேலே தூக்கியபடியே இருக்கும்.